அப்பா, உங்கள் இலையில் எதை வைப்பது?

என் அப்பாவுக்கு,

இன்று தீபாவளி. கெம்பாஸ் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் போய் இன்னும் ஓராண்டு நிறையவில்லை. அதனால் நமக்கு இந்த முறை எண்ணெய்க் குளியல் இல்லை, புதுத்துணி இல்லை, வாசலில் கோலம் இல்லை. கீழ்மாடியில் யாரோ வெடி வைக்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா ஒரு டப்பா முறுக்கோடு வந்தார். வாழ்த்துச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் கதவருகே கொஞ்சம் நின்றார். பிறகு "சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லி டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா உள்ளே படுத்திருக்கிறார்.

உங்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது. நீங்கள் இருந்தபோது நாம் இருவரும் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதே இல்லை, இல்லையா அப்பா?

முதலில் வேலைச் செய்தி. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜொகூர் பாருவின் பழைய டவுனில் ஒரு தணிக்கை அலுவலகம். நீங்கள் அத்தனை வருடம் லோரியில் கேஸ் தோங், அந்தக் கனத்த சிலிண்டர்களை, கொண்டுபோய் இறக்கிய அதே தெருக்கள். நேர்காணலுக்கு நான் போன காலையில் "பாத்துப் போ" என்றீர்களே, அந்த இடம்தான். அவர்கள் பதில் அனுப்பியபோது நீங்கள் இல்லை.

கீழே ஒரு கண்ணாடிக் கடை, மேலே நாங்கள். மரப்படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முனகும். தோளில் தோங்கோடு இந்தப் படியில் நீங்கள் ஏறியிருப்பீர்கள் என்று முதல் நாள் நினைத்துக்கொண்டு, கைப்பிடியைத் தடவிக்கொண்டே ஏறினேன். மேலே போன பிறகுதான் தெரிந்தது, அங்கே அடுப்பே கிடையாது. மின்சாரக் கெட்டில் ஒன்றுதான்.

மதிய இடைவேளையில் தனியாக நடக்கிறேன். உடன் வேலை செய்பவர்கள் ஆரம்பத்தில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "பரவால்ல, நீங்க போங்க" என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு கூப்பிடுவதில்லை. அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது.

நடந்தால் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. ஜாலான் டோபியில் ஒரு பழைய கடைவீட்டின் சாயம் உரிந்த சுவரை அப்படியே விட்டு, அதையே அலங்காரமாக்கி ஒரு காப்பிக் கடை திறந்திருக்கிறார்கள். அதை ஒட்டினாற்போல் முடிவெட்டும் கடை. அதில் இன்னும் அதே சிவப்பு ரெக்சின் நாற்காலி. அடுத்தது சீன மருந்துக் கடை. அதன் முன்னால் இருக்கும் கூரை போட்ட அஞ்சடி நடைபாதையில், காய்ந்த வேர்களும் பட்டைகளும் நிரம்பிய சாக்குகளுக்கு நடுவே, சிங்கப்பூரிலிருந்து வந்த பெண்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கடைக்காரர் அவர்களை விரட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இன்னும் கொஞ்சம் நடந்து ஜாலான் உங்கு புவானுக்குள் திரும்பினால் மல்லிகை, அரைத்த மசாலா, சேலைக் கடையின் ஒலிபெருக்கி. அங்கே ஒரு முனை இருக்கிறது. கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும், புது ரயில் பாதைக்குத் தூண் இறக்கும் இயந்திரத்தின் இடியும் அந்த ஒரே இடத்தில் கேட்கும். இந்த மாதம் தீபாவளிச் சந்தை வேறு. தெருவுக்குக் குறுக்கே மயில் வடிவத்தில் விளக்குகள். எல்லோர் கையிலும் பை. எனக்கு மட்டும் வாங்க ஒன்றும் இல்லை.

சாப்பிடும் இடத்தை நான் எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் தெரியுமா? விரலால் காட்டினால் போதும் என்கிற கடையாகப் பார்த்துப் போவேன். வாய் திறந்து கேட்டு வாங்க வேண்டிய கடையென்றால் தாண்டிவிடுவேன். "அப்பன மாதிரியே பொண்ணும். வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்" என்று சித்தப்பா கேலி செய்யும்போதெல்லாம் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். உங்களிடமிருந்து எனக்கு வந்தது அது என்று நினைத்துக்கொள்வேன்.

சத்தமே பிடிக்காத மனிதர் என்றுதான் உங்களைப் பற்றி யாரிடமும் சொல்வேன். வேலை முடிந்து வந்து வாசல் இரும்புக் கிரில் கதவை ஓசை வராமல் சற்றுத் தூக்கித் திறப்பீர்கள். டிவியில் பந்து விளையாட்டு ஓடும், ஒலி இருக்காது. கோல் விழுந்தால் கையை மட்டும் உயர்த்துவீர்கள். அறைக்குள் இருக்கும் எனக்குக் காற்றாடிச் சத்தம் மட்டுமே கேட்கும். அந்த அமைதியில்தான் எஸ்.பி.எம். படித்தேன், எஸ்.டி.பி.எம். படித்தேன், பல்கலைக்கழகம் போன பிறகு விடுமுறைக்கு வந்தபோதும் படித்தேன். நம் இரு பக்கத்து உறவிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இவ்வளவு அமைதியான வீடு எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

இனி உங்கள் பதினாறாம் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வந்து பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். யோங் பெங்கிலிருந்து வந்த சித்தப்பா ஒரு கறுப்பு பீர் பாட்டிலையும் சிகரெட் பெட்டியையும் உங்கள் இலையோரம் வைத்தார்.

"அவருதான் ரெண்டையும் தொட மாட்டாரே," என்றார் அம்மா.

"ஆம்பளைக்கு வைக்கிற படையல், அண்ணி. ஒரு பாட்டில்கூட இல்லன்னா ஒரு மாதிரியா இருக்கும் லா."

"அதுக்காக?"

"சரி, அண்ணனுக்கு என்னதான் புடிக்கும், சொல்லுங்க. லோரோங் முனையில கடை இருக்கு, இப்பவே வாங்கிட்டு வந்துர்றேன்."

அம்மா யோசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் யோசித்தேன். எனக்கு வியர்த்துவிட்டது அப்பா. அவ்வளவு பெரிய கேள்வியா அது?

"குடுத்தத சாப்பிடுவாரு," என்றார் அம்மா கடைசியில்.

பாட்டில் அங்கேயே இருந்தது. ஆட்டிறைச்சிப் பிரட்டல், கோழி, முட்டை, வடை என்று பெயர் தெரியாத ஒரு விருந்தாளிக்கு வைப்பதுபோல் இலை நிறைய வைத்துச் சூடம் காட்டினோம்.

தீபாவளிக்கு முந்தின நாள் எப்படியும் படையல் போடுவோம், கொண்டாட்டம் இல்லாத வருடத்திலும் அது மட்டும் உண்டு. அதற்குள் ஒன்றையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குள் வந்துவிட்டது. உங்களுக்கு என்று, உங்கள் வாய்க்குப் பிடித்தது என்று, ஒரே ஒரு பண்டம். நீங்கள் பகலெல்லாம் இருந்த தெருக்களில்தானே நான் இப்போது நடக்கிறேன். அங்கே யாருக்காவது தெரியாமல் இருக்குமா?

ஆனால் கேட்க வேண்டுமே. வாயைத் திறந்து.

முதலில் அந்தச் சாயம் உரிந்த சுவர்க் காப்பிக் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் ஃபாரா என்கிற மலாய்ப் பெண் என் வயதுதான் இருப்பாள். கைபேசியில் உங்கள் படத்தைக் காட்டினேன். மாமா பெண் கல்யாணத்தில் எடுத்தது. சட்டையை உள்ளே விட்டு, தலை வாரி, பவுடர் பூசி நீங்கள் நிற்கும் ஒரே படம். அவள் பொறுமையாகப் பார்த்தாள். தெரியவில்லை என்றாள். எதிரிலிருக்கும் கோப்பித்தியாமில், பழைய சீனக் காப்பிக் கடையில், கல்லாவில் இருந்தவரும் உதட்டைப் பிதுக்கினார். மசாலாக் கடையில், "இவரு வாத்தியாரா?" என்று கேட்டார்கள். உங்களை யாரென்று நினைத்தார்களோ அப்பா! நான்கைந்து கடையோடு என் தைரியம் தீர்ந்துபோனது. அத்தனை வருடம் சுமந்த ஆளை ஒரு தெருவுக்கே தெரியவில்லை என்று மேலே போய் மேசையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே அழுதேன். கண்ணில் தூசி என்று சொல்லிக்கொள்ளக்கூட அங்கே யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் சந்தைக் கூட்டத்தில் தெரு அடைத்துக்கொண்டது. சுற்றிப் போகலாம் என்று கடைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நுழைந்தேன். அதுவரை நான் அங்கே போனதே இல்லை. முன்பக்கத்தில் தனித்தனி முகமாக நிற்கிற கடைகள் பின்பக்கத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. காப்பிக் கடைக்கும் கறிக்கடைக்கும் ஒரே கரிபிடித்த சுவர், ஒரே சாக்கடை. ஒரு சுவரில் மட்டும் புதிதாகப் பெரிய புலி வரைந்திருந்தார்கள். புலியின் வாலருகே, சங்கிலி போட்டு, கேஸ் தோங்குகள் வரிசையாக நின்றன.

எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஒரு கேஸ்காரரை நான் முன்வாசலில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாழை இலைச் சாப்பாட்டுக் கடையின் பின்கதவில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடையின் சமையல்காரர், மணியம் அண்ணன். நான் தயங்கி நிற்பதைப் பார்த்து அவரே கேட்டார்.

"என்னம்மா, டாய்லெட்டா? உள்ள போயி லெப்ட்டு."

"இல்லண்ணே... இங்க கேஸ் போட்டாரே... பச்சை லோரி... முன்னாடி வருவாரு..." எனக்கு வாக்கியம் முடியவில்லை.

கத்தியைக் கீழே வைத்தார். "நீ யாரு?"

"அவரு மக."

"அலாமாக்! வாயாடி மவளா நீ?"

வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். படத்தை எடுத்துக் காட்டினேன். "இவரத்தான் கேக்கறேன்."

"இது யாரு, மாப்பிள்ளக் கோலத்துல?" என்று படத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார். "அவனேதான்! பவுடர் வேற. ஐயோ, இத முன்னாடியே பாத்திருந்தா ஒரு வருசத்துக்கு ஓட்டியிருப்பேனே."

"எங்கப்பா அதிகமா பேச மாட்டாருண்ணே."

"யாரு? அவனா? அந்த மனுசன் வந்தா இங்க சமையல் நின்னுரும்மா. சந்துல நுழையறப்பவே ஸ்பானர எடுத்துத் தோங்குல டங் டங்னு தட்டுவான். 'உள்ள ஆள் இருக்கா, இல்ல குழம்பே தன்னால கொதிக்குதா?'ன்னு கத்துவான். அந்தப் பக்கம் மலாய்க்காரம்மாகிட்ட மலாய்ல ஒரு வம்பு, இந்தப் பக்கம் சீனன்கிட்ட அவன் பாசையில ஒரு வம்பு. நான் வெங்காயம் உரிச்சா, 'யாரு செத்துட்டாங்க மணியம்?'னு கேப்பான்." அங்கே நிறுத்திவிட்டார். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "புதுசா கேஸ் கொண்டுவர்ற பையன்தான் சொன்னான். நான் வந்திருக்கணும். வீடு தெரியல."

நான் தலையை ஆட்டினேன். ஆனால் கேட்க வந்ததைக் கேட்டுவிட வேண்டும் என்று, "அவருக்கு இங்க என்ன புடிக்கும்? என்ன சாப்பிடுவாரு?" என்றேன்.

"என் சமையலா? கை வைக்க மாட்டானே! 'நீ சமைக்கிறத நான் கண்ணால பாக்கறேன் மணியம், அப்பறம் எப்படி எறங்கும்?'பான். திமிரு." மறுபடியும் சிரித்தார். "நீ அந்த ரொட்டிக் கடைக்குப் போ. விறகு அடுப்புக் கடை. ஒரு நாள் தவறாம அங்கதான் போயி நிப்பான்."

அந்தக் கடை எனக்குத் தெரியும். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். விறகில் சுடும் கடைக்கு கேஸ் எதற்கு, உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று நான்தான் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

உடனே போகவில்லை அப்பா. மறுநாளும் போகவில்லை. உங்கள்மேல் கோபம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சந்து முழுவதும் கேட்ட குரலை நான் கேட்டதே இல்லையே. தோங்கைத் தட்டிக் கத்துகிற ஒருவர், வீட்டுக்கு வந்ததும் கிரில்லைத் தூக்கித் திறக்கிற ஒருவர். இதில் எனக்குக் கிடைத்தவர் யார்? சந்துக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு எங்களிடம் வரும்போது தீர்ந்துபோய் வந்தீர்களா? அல்லது நாங்கள் உங்களுக்குச் சலிப்பாக இருந்தோமா? பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களை இழந்தபோது இருந்த தனிமை வேறு. இது வேறு மாதிரி இருந்தது.

படையல் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் போனேன். வரிசையில் நின்றேன். நீங்களும் இப்படித்தான் நின்றிருப்பீர்கள். அந்த ஊரில் முன்வாசல் வழியாக, வாடிக்கையாளராக, நீங்கள் நுழைந்த கடை அது ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. உள்ளே வெப்பமும் வெண்ணெய் வாசனையும். கல்லாவில் வெள்ளைத் தலைமுடியோடு ஒரு சீன ஆண்ட்டி. நாங்கள் பேசியது மலாயில், தமிழில் எழுதுகிறேன். "தம்பி" என்ற சொல்லை மட்டும் அவர் தமிழிலேயே சொன்னார்.

"ஆண்ட்டி, பச்சை லோரி கேஸ்காரர் இங்க வருவாரா?"

"கேஸ் தம்பியா?" அவர் முகம் மலர்ந்தது. "எங்க போயிட்டான் அவன்? ரொம்ப நாளா காணோம். லாட்டரி அடிச்சு எங்கள மறந்துட்டானா?"

மணியம் அண்ணனுக்குப் புது டிரைவர் சொல்லிவிட்டார். கேஸ் வாங்காத இந்தக் கடைக்கு யார் வந்து சொல்வார்கள்? உங்கள் சாவை வாய்விட்டு ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் முறை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் எனக்குச் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. இறந்துட்டார், நெஞ்சுவலி, காலையில சப்பாத்து போட்டுக்கிட்டு இருந்தப்ப என்றேன். என் பின்னால் வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள்.

ஆண்ட்டி கையிலிருந்த இடுக்கியை மெதுவாகத் தட்டில் வைத்தார். "கொஞ்ச நாள் எடுத்து வெச்சேன் அவனுக்கு," என்றார். "அப்புறம் விட்டுட்டேன்."

"எதை?"

"ஓரத்தை. வாழைப்பழக் கேக்கோட கருகின ஓரம். தட்டுல ஒட்டிக்கும்ல, வெட்டி எடுத்துருவோம், அது."

நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குக் கொண்டுவரும் கேக் எனக்கு ஞாபகம் வந்தது. மெத்தென்று, பொன்னிறமாக. ஒரு துண்டுகூட நீங்கள் எடுத்ததில்லை. "எனக்கு வேணாம், நீங்க சாப்பிடுங்க" என்பீர்கள். நல்லதை எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கருகியதை அங்கே நின்று தின்றிருக்கிறீர்கள் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. ஆண்ட்டி அதைப் பார்த்துவிட்டார்.

"ஏன் அழற? காசில்லாம தின்னான்னு நினைச்சியா? நல்ல துண்டு குடுத்தா வாங்க மாட்டான். 'அது பல்லு இல்லாதவங்களுக்கு'ன்னு என்னையே கிண்டல் பண்ணுவான். ஒரு பென்ஷன்கார சாரும் இந்த ஓரத்துக்குத்தான் வருவாரு. ரெண்டு பேருக்கும் இங்க நின்னு சண்டை. தம்பி முந்திக்கிட்டா அந்த சார் என்கிட்ட வந்து புகார் பண்ணுவாரு." அவர் சிரித்தார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். "வீட்டுக்குப் போறப்ப வயிறு ரொம்பியிருக்கும் அவனுக்கு."

தியாகம் இல்லை. உங்களுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். என்ன ஒரு நிம்மதி அப்பா எனக்கு.

பிறகு ஆண்ட்டி என்னை உற்றுப் பார்த்தார். "படிக்கிற பொண்ணு நீதானா?"

"ஆமா."

"முடிச்சுட்டியா?"

"முடிச்சுட்டேன்."

"அப்ப வீட்டுல பேச ஆரம்பிச்சானா?"

எனக்குப் புரியவில்லை. அவர் காகிதப் பையைப் பிரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "எப்பவும் சொல்லுவான். வீடு சின்னது, மக படிக்கிறா, மூச்சுவிட்டாலும் கேக்கும். அதான் இங்க வந்து பேசறேன், நீ கேட்டுத்தான் ஆகணும்பான். பரீட்சையெல்லாம் முடிஞ்சதும் வீட்டுல பேசிக்கறேன், உங்க கடைப் பக்கமே வர மாட்டேன்பான். அதான் கேக்கறேன். பேசினானா?"

ஓரங்கள் நிறைந்த பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

என் கடைசிப் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்த அந்த மாதம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு மாலை டிவியில் திடீரென்று ஒலி வந்தது. கொஞ்சமாகத்தான். தண்ணீர் குடிக்க நான் அறையிலிருந்து வெளியே வந்தேன். தண்ணீர் மட்டும்தான் அப்பா. நீங்கள் என்னைப் பார்த்ததும் ரிமோட்டை எடுத்து ஒலியைக் குறைத்துவிட்டீர்கள். "படிக்கிறியா?" என்றீர்கள். இல்லை என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். நானும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். சத்தம் பிடிக்காத மனிதரின் மகளாயிற்றே நான்.

எனக்காக நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். உங்களைப் பார்த்து நான் பேசாமல் இருக்கப் பழகினேன். இதை இப்போது யாரிடம் போய்ச் சொல்லிச் சிரிப்பது?

நேற்று சாயங்காலம் படையல். அம்மா எல்லாம் சமைத்து இலை போட்டிருந்தார். நான் காகிதப் பையைப் பிரித்து ஓரங்களை இலையின் நடுவில் வைத்தேன். கறுப்பாக, கோணல்மாணலாகக் கிடந்தன.

"ஏய், என்னடி இது? கருகினதப் போயி யாராச்சும் இலையில வைப்பாங்களா?"

சொன்னேன். சந்து, ஸ்பானர், பென்ஷன்கார சார், ஆண்ட்டி கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக அம்மாவிடம் நான் பேசியதே இல்லை. அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"கல்யாணமான புதுசுல வாய மூடவே மாட்டாரு," என்றார் பிறகு, மிக மெதுவாக. "தலவலிக்குதுன்னு நானே திட்டியிருக்கேன். எப்ப நின்னுச்சுன்னு கவனிக்கவே இல்ல பாரு."

அப்போது சித்தப்பா வந்தார். கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் அதே பாட்டில்.

"சித்தப்பா, அத வெக்காதீங்க," என்றேன்.

"ஏன்டி? போன தடவ வெச்சோமே."

"போன தடவ தெரியாம வெச்சோம். அப்பா அதக் குடிக்க மாட்டாரு. அவருக்கு இதான் புடிக்கும்." என் குரல் கூடத்தில் எனக்கே பெரிதாகக் கேட்டது.

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். "அண்ணி, முத்து உதிர்ந்துருச்சு போல," என்றார். ஆனால் பாட்டிலை எடுத்துப்போய்ச் சப்பாத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

சூடம் காட்டினோம். போனவர்கள் வந்து சாப்பிடும்வரை கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் நடைபாதைக்குப் போனார்கள். நான் கடைசியாக நின்றேன். விளக்கு, இலை, காற்றாடிச் சத்தம். எப்போதும்போல் வீடு உங்களுக்காக அமைதியாக இருந்தது.

ரிமோட்டைத் தேடி எடுத்தேன். பந்து விளையாட்டு ஓடும் சேனலைப் போட்டேன். ஒலியைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். பிறகு கதவைச் சாத்தினேன்.

நடைபாதை முழுவதும் கேட்டது அப்பா. வர்ணனைக்காரர் கத்துகிறார், கூட்டம் கத்துகிறது. எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சித்தப்பா, "இது என்ன கூத்து?" என்று வாயெடுத்தார். அம்மா அவர் கையைத் தொட்டு, "இருக்கட்டும்" என்றார். உள்ளே ஒரு கோல் விழுந்தது. நாங்கள் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளே போகும் முன், சாப்பிட வந்தவர்களுக்குத் தெரியும்படி தட்ட வேண்டுமே, சாவியை எடுத்து நான்தான் கிரில்லில் தட்டினேன். டங், டங்.

இலை அப்படியேதான் இருந்தது. அம்மா ஒரு ஓரத்தை எடுத்துக் கடித்தார். "கசக்குது," என்றார். முழுவதையும் சாப்பிட்டார்.

இதை எழுதும்போதும் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. இவ்வளவு சத்தத்தில் வீடு இன்னும் காலியாகத்தான் தெரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அணைக்கவும் மனம் வரவில்லை.

விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் பின்சந்து வழியாகப் போவேன் அப்பா. மணியம் அண்ணனின் கதவில் நிற்கும் தோங்கைச் சாவியால் தட்டுவேன். என்ன கத்துவது என்று இன்னும் தெரியவில்லை, ஏதாவது கத்துவேன். பிறகு முன்வாசல் வழியாக ரொட்டிக் கடை வரிசையில் நிற்பேன். விரலால் காட்ட மாட்டேன். கருகின ஓரம் வேண்டும் என்று வாயால் கேட்பேன். அந்த சார் வந்து முந்திக்கொண்டால், விட மாட்டேன்.

பரீட்சை எழுதி முடித்துவிட்ட,
கேஸ் தம்பியின் மகள்,
உங்கள் பாப்பா
வனிதா